உப்புக்கு எதிர்த்தட்டில் என் மகள்

ஸ்பிரிட் வாசனை. எங்கள் தெருமுனையில் நாற்காலி மேசைகளுக்கு மெருகு போடுகிற கடை ஒன்று இருக்கிறது. வெயில் ஏறியதும் அரக்குக் கரைக்க ஸ்பிரிட் புட்டியைத் திறப்பார்கள். எத்தனையோ வருஷமாக அந்தக் கடையைத் தாண்டித்தான் புகையிலைக் கிட்டங்கிக்குக் கணக்கெழுதப் போகிறேன். ஒருநாளும் அது என் மூக்கில் ஏறியதில்லை. இப்போது ஏறுகிறது. ஏறினால் கால் நின்றுவிடுகிறது. நெஞ்சுக்குள் ஒரு சின்ன நீலச் சுடர் பற்றிக்கொள்கிறது. சுடருக்கு மேலே ஒரு கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் என் மகளின் மூத்திரம். கொதிக்கட்டும், கொதித்தும் தெளிந்தே இருக்கட்டும், மாதாவே, இன்றைக்கு மட்டும் வெளுக்காமல் இருக்கட்டும் என்று கையில் இடுக்கியோடு நான்.

வெளுக்கும். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வெளுக்கும்.

இப்போது அந்தக் குழாய் கழுவிக் கவிழ்த்தபடி மாடத்தில் இருக்கிறது. மகள் ஜெசிந்தாவும் (எங்களுக்குச் சிந்தா) அவள் அம்மா லூர்து மேரியும் மெட்ராஸில் இருக்கிறார்கள். நான் இங்கே. மருந்து தொடங்கியாயிற்று என்று ஒரு கார்டு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. கை சும்மா இருக்க மறுக்கிறது. இதே நோய் வந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அது நோய் என்றே தெரியாமல் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிற வீடுகள் இந்த ஜில்லாவில் இன்னும் இருக்கும். அவர்களுக்காக எழுதுகிறேன்.

நாங்களும் சந்தோஷப்பட்டோம். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சிந்தா ஏழாம் மாசத்தில் பிறந்தவள். மருத்துவச்சி அவளைப் பஞ்சில் பொதிந்து, பேர் வைக்கிறதானால் சீக்கிரம் வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கே சுவாமியார் வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். வழக்கப்படி நாக்கில் ஒரு துளி உப்பு வைத்தார். அதுவரை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவள் முகத்தைச் சுளித்து வீறிட்டாள். லூர்து பாயில் படுத்தபடியே அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால், அவளைக் கட்டிக்கொடுக்கிறவரைக்கும் வருஷாவருஷம் திருநாளில் எடைக்கு எடை உப்பு.

பிழைத்தாள். அதனால் ஒவ்வொரு திருநாளுக்கும், திண்டுக்கல்லுக்குக் கிழக்கே சோளக்காடுகளுக்கு நடுவில் இருக்கிற அந்தோணியார் கோயிலுக்குப் போனோம். புகையிலைச் சிப்பம் நிறுக்கிற பெரிய தராசை முதலாளி ஒருநாள் இரவல் கொடுப்பார். கோயில் முன்பந்தலில் கொக்கியில் மாட்டித் தொங்கவிடுவோம். ஒரு தட்டில் சிந்தா காலை மடக்கி உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொள்வாள். எதிர்த்தட்டில் நான் கல்லுப்பை அள்ளி அள்ளிப் போடுவேன். ஒரு கட்டத்தில் அவள் தட்டு மண்ணை விட்டு எழும்பும். அந்த நொடியில் அவள் சிரிக்கிற சிரிப்புக்காகவே அந்த நேர்ச்சை இருந்ததாக எனக்குத் தோன்றும்.

மற்ற வீடுகளில் பிள்ளையின் வளர்த்தியைச் சுவரில் கரிக்கோடு போட்டுப் பார்ப்பார்கள். போன வருஷத்துச் சட்டையைப் போட்டுப் பார்ப்பார்கள். எங்களுக்கு உப்புதான். போன வருஷம் சாக்கு நிறையவில்லை, இந்த வருஷம் நிறைந்தது என்பதுதான் எங்கள் கணக்கு. நிறுத்து முடித்ததும் சுவாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். உப்புக் குவியல் கோயிலுக்கு. வருகிற சனம் ஆளுக்கொரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போகும். நாங்களும் ஒரு பிடியை வெள்ளைத் துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவருவோம். காய்ச்சலா, கனவில் அலறலா, கண்ணேறா, எல்லாவற்றுக்கும் லூர்துவுக்கு அந்த முடிச்சுதான்.

சிந்தாவுக்குப் பதினொன்று முடிந்த வருஷம் கொண்டுபோன சாக்கு காலியாகிவிட்டது. அவள் தட்டு அசையவில்லை. மறுபடியும் சாக்கை உதறினேன். அசையவில்லை. ஓடிப்போய் உப்புக்காரரிடம் இன்னும் வாங்கி வந்தேன். கிலோ படிக்கல் புதிதாக வந்திருந்த காலம், அவரே தடுமாறிக்கொண்டு நிறுத்தார். பந்தலில் ஒரே சிரிப்பு. வழக்கமாக நோஞ்சான் என்று உச்சுக் கொட்டுகிற எங்கள் பக்கத்து வீட்டு அக்கா முன்னால் வந்து நின்று பார்த்தாள்.

"ஏ லூர்து, புள்ளைக்கு என்னத்தடி போடுற? அடுத்த திருநாளைக்குள்ள சமஞ்சிருவா பாரு. இப்பவே ரெண்டு தாவணி எடுத்து வச்சிரு."

லூர்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்படி ஒரு சந்தோஷம். அந்தோணியார் சுரூபத்தின் காலைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கடைசிப் பிடி உப்பைப் போட்டபோது தட்டு மெதுவாக எழுந்தது. சிந்தாவின் முகம் உருண்டையாக, மினுமினுப்பாக, கன்னம் புடைத்து, என் பிள்ளையா என்று நானே பார்த்தேன்.

அதற்கப்புறம் பெரிய மனுஷியாகப் போகிறவளுக்குச் செய்கிற எல்லாமும் நடந்தது. உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை, சோற்றுக்கு வெஞ்சனமாகக் கருவாடு. காலையில் எழுந்தால் கண் திறக்க முடியாதபடி இமை வீங்கியிருக்கும். தூக்கம் ஜாஸ்தி என்றோம். கண்ணாடி வளையல் கழலவில்லை, கை திரண்டுவிட்டது என்றோம். மூத்திரம் கொஞ்சமாகப் போகிறது என்று அவளே சொன்னாள், வெயில் என்றோம். இப்படி ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, தின்பண்டம் கேட்காமல், என் முன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கணைக்கால் எலும்பின்மேல் கட்டைவிரலை வரிசையாக அழுத்தி அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடமெல்லாம் குழியாகவே நின்றது. இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை.

"அப்பா, பல்லாங்குழி" என்று சிரித்தாள்.

நான் அந்தக் குழிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே வரட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அந்தக் கனம் என் தோளில் இன்னும் இருக்கிறது. ஈரச் சாக்கு மாதிரிக் கனம்.

டாக்டரம்மா ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தாமல் பேசுவார். சிந்தாவின் காலை அழுத்தினார், வயிற்றைத் தட்டினார், இமையை நீவினார். வராந்தாவில் இருந்த இரும்புத் தராசில் ஏற்றினார், சுவரோடு நிறுத்தி உயரம் பார்த்தார், வயிற்றைச் சுற்றி நாடா வைத்தார். பிறகு ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்து, கண்ணாடிக் குழாயில் அவள் மூத்திரத்தைக் காய்ச்சினார். அன்றுதான் முதன்முதலாக அந்த வெள்ளையைப் பார்த்தேன். பிறகு லூர்துவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். போன வருஷத்துத் திருநாள் பாவாடையை இப்போதும் கட்டுகிறாளா?

கட்டுகிறாள், இடுப்புப் பட்டையைத்தான் ரெண்டு தரம் பிரித்து விட்டேன் என்று லூர்து பெருமையாகவே சொன்னாள்.

"கீழ் மடிப்பு?"

"அது பிரிக்கலீங்களே. கணுக்கால் வரைக்கும் அப்படியே இருக்கு."

"அப்ப புள்ள வளரலீங்க" என்றார் டாக்டரம்மா. "விரிஞ்சிருக்குது. இது சதை இல்லீங்க. தண்ணி."

அவர் விளங்க வைத்ததை எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். சிறுநீரகம் ஒரு சல்லடை. வேண்டாததைக் கழித்து, வேண்டியதை இரத்தத்திலேயே நிறுத்திவைக்கிற சல்லடை. சிந்தாவுக்கு அந்தச் சல்லடையின் கண் பெரிதாகிவிட்டது. முட்டை வெள்ளைக்கரு போன்ற சத்து ஒன்று இரத்தத்தில் இருக்கிறது, அது அந்த வழியாக ஒழுகுகிறது. காய்ச்சினால் வெளுப்பது அதுதான். அந்தச் சத்து குறைந்தால் இரத்தத்தில் தண்ணீர் தங்காது. தோலுக்கடியில் கசியும், முகத்தில், காலில், வயிற்றில் தேங்கும். உப்பு உள்ளே போனால் அந்தத் தண்ணீரைப் போகவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகையால் உப்பு கூடாது. துளிகூடக் கூடாது. ஏன் வருகிறது? தெரியாது. போய்விடுமா? சில பிள்ளைகளுக்குப் போகும். மீதிப் பிள்ளைகளுக்கு? அவர் தராசின் குண்டை நகர்த்தி முள்ளைச் சரிசெய்தார்.

இனி தினமும் காலையில் எடை, வயிற்றுச் சுற்றளவு, கால் சுற்றளவு. எடை இறங்கினால் நல்லது. ஏறினால் கெட்டது.

இதைக் கேட்டு லூர்து என்னைப் பார்த்த பார்வை. பதினொரு வருஷம் ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்த தராசை யாரோ தலைகீழாகப் பிடித்துவிட்ட மாதிரி.

வார்டில் ஜன்னலோரக் கட்டில். மலைக்கோட்டையின் ஒரு பக்கம் தெரியும். அடுத்த கட்டிலில் பேகம்பூர்க்காரப் பெண் ஒருத்தி, பாத்தும்மா என்று பேர், காய்ச்சலில் கிடந்த தன் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து அவளுக்கு அடுக்குச் சட்டியில் சாப்பாடு வரும். மூடி திறந்தால் வார்டே மணக்கும். சிந்தா தன் உப்பில்லாத கஞ்சியைத் துழாவிக்கொண்டு அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபடுவாள். மறுநாளிலிருந்து பாத்தும்மா சட்டியை எடுத்துக்கொண்டு வராந்தாக் கோடிக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தாள். ஒருநாள் நான் எதிரே வந்துவிட்டபோது, உள்ள காத்து வரலண்ணே, அதான் என்றாள். வராந்தாவில்தான் அனல் அடித்தது.

இரவுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், ஆகவே தலையணைகளை அடுக்கிச் சாய்த்துவைத்திருப்போம். அவ்வளவுதான். காலைகளைத்தான் நான் பயந்தேன். பெரிய கன்னியாஸ்திரி தராசருகில் நின்று எண்ணைச் சத்தமாகப் படிப்பார். நீர் இறக்கும் ஊசி போட்ட மறுநாள் எண் இறங்கும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். லூர்து தலையைக் குனிந்துகொள்வாள். ஒவ்வொரு பவுண்டாக இறங்க இறங்க, வீங்கின பிள்ளைக்கு உள்ளேயிருந்து இன்னொரு பிள்ளை வெளியே வந்துகொண்டிருந்தாள். கன்னம் ஒட்டி, காறை எலும்பு துருத்தி, புஜம் என் இரண்டு விரலுக்குள் அடங்கி. நான் பெற்றதை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று லூர்து ஒருதரம் சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

பணம் போன கதையை எழுதினால் அழுகை வராது, கோபம்தான் வரும். விடுகிறேன். லூர்துவின் கழுத்தில் இப்போது கறுப்புக் கயிறு.

பிறகு எண் ஏற ஆரம்பித்தது. ஊசி போட்டும் ஏறியது. வயிறு பானையாகியது, தொப்புள் வெளியே தள்ளியது. வயிற்றில் ஊசி குத்தி, ரப்பர்க் குழாய் வைத்து, வைக்கோல் நிறத் தண்ணீரை வாளியில் இறக்கினார்கள். இறக்கியது இரண்டு மூன்று நாளில் திரும்ப நிறைந்தது. டாக்டரம்மா கட்டிலருகில் வந்து நின்று, சாதாரணமாகக் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"ஏனுங்க, புள்ளைக்கு உப்பு யாரு குடுக்கறது?"

யாரும் இல்லை என்றோம். நான் உண்மையாகவே சொன்னேன். பாத்தும்மா பதறிப்போய், அல்லாமேல ஆணையா எங்க சட்டிய அந்தப் பக்கம் திறந்ததே இல்ல டாக்டரம்மா என்றாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் விசாரித்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

அகப்பட்டது என் நாக்கில். சிந்தா குடித்து மிச்சம் வைக்கிற கஞ்சியை நான் குடிப்பது வழக்கம். கொட்ட மனம் வராது. ஒரு மத்தியானம் கிட்டங்கியிலிருந்து ஓடி வந்து, மிச்சக் கஞ்சியை எடுத்து வாயில் விட்டேன். நன்றாக இருந்தது. தொண்டையில் இறங்கின பிறகுதான் அது ஏன் நன்றாக இருக்கிறது என்று உறைத்தது. மலைப் பக்கத்து ஜன்னலிலிருந்து வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது, எனக்குக் குளிர் எடுத்தது.

லூர்து பின்கட்டுக் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கஞ்சியில உப்பு கெடக்கு."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "உப்பு இல்ல."

"பின்ன?"

"அந்தோணியார் குடுத்தது." மடியிலிருந்து அந்த வெள்ளை முடிச்சை எடுத்துக் காட்டினாள். "கடையில வாங்குனதா இது? சுவாமியார் மந்திரிச்சது. ஒரு சிட்டிகை, செபம் சொல்லித்தான் போடுறேன்."

"டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே லூர்து."

"பொறந்த அன்னைக்கு நாக்குல உப்பு வச்சாங்களே, செத்தா போயிட்டா? அன்னைக்குத்தான் அழுதா. அன்னைக்குத்தான் உசுரு வந்துச்சு." சாம்பல் கையோடு எழுந்து நின்றாள். "கோயில்ல எடை ஏறுச்சு, எல்லாரும் சிரிச்சீங்க. இங்க எடை எறங்குது, அதுக்கும் சிரிக்கிறீங்க. இதுல எது என் புள்ளைனு எனக்குத் தெரியல. நீங்களாச்சும் சொல்லுங்க."

கையை நீட்டினேன். அவள் முடிச்சைத் தரவில்லை, மறுபடி மடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தாள். வார்டுக்குத் திரும்பினேன். சிந்தா என் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"அம்மாவ ஏசாதீங்க. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா குடிச்ச, ஆத்தா?"

கொஞ்ச நேரம் போர்வை நுனியைத் திருகினாள். "நல்லா இருந்துச்சுப்பா" என்றாள்.

அன்று சாயங்காலமே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. வயிறு பலகையாகிவிட்டது, கை வைத்தால் துடித்தாள். வயிற்றில் தேங்கிய தண்ணீரில் கிருமி சேர்ந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. பெனிசிலின் ஊசி வேளை தவறாமல் விழுந்தது. அடுத்தடுத்த நாட்கள் எனக்கு வரிசையாக ஞாபகம் இல்லை. துண்டு துண்டாகத்தான். ஈரத்துணி. வெந்த உதடு. பாத்தும்மாவின் உதடுகள் துஆ ஓதி அசைந்துகொண்டே இருந்தன. தன் மகளுக்குக் குணமாகி வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்ட பிறகும் அவள் ஒருநாள் கூடுதலாக இருந்தாள். சுவாமியார் வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். சிந்தாவின் நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் மினுங்கியது. பாதத்தில் பூசுவதற்காகப் போர்வையை விலக்கியபோது அவர் கட்டைவிரல் பதிந்த இடம் குழியாக நின்றது. அவர் கையை எடுக்க மறந்து அதையே பார்த்தார்.

லூர்து அந்தக் குழியைப் பார்த்தாள். எழுந்து போனாள். எங்கே போகிறாள் என்று பின்னாலேயே போனேன். டாக்டரம்மாவின் அறைக்குள் போய், மடியிலிருந்த முடிச்சை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நாந்தான் குடுத்தேன்."

டாக்டரம்மா முடிச்சை அவிழ்க்கவில்லை. எங்க பக்கமும் பழனிக்கு எடைக்கு எடை வெல்லம் போடுகிறோம் என்று தொடங்கி, நேர்ச்சையை நான் குற்றம் சொல்ல மாட்டேன் என்றார். காய்ச்சல் இந்த உப்பினால் வரவில்லை, கிருமியால் வந்தது என்றார். லூர்து விடவில்லை. தண்ணி தேங்கினது எதனால் என்று கேட்டாள். டாக்டரம்மா பொய் சொல்லத் தெரியாதவர்.

"அதுக்கு உப்பும் ஒரு காரணமுங்க."

லூர்து தலையை ஆட்டினாள். அழவில்லை. அன்றைக்கு வீட்டிலிருந்து என் அக்கா அனுப்பிய சோற்றைத் தொடவில்லை. ஆஸ்பத்திரிக் கஞ்சியை வாங்கி, சிந்தாவின் கட்டிலருகில் தரையில் உட்கார்ந்து குடித்தாள். சிந்தா என்றைக்கு உப்பு போட்டுச் சாப்பிடுகிறாளோ அன்றைக்குத்தான் நானும் என்றாள். என்னிடம் சொல்லவில்லை. அந்தோணியாரிடம் சொன்னாளோ என்னவோ, முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டு அடுப்பில் உப்புக் கிடையாது. நானும் பழகிக்கொண்டேன். கிட்டங்கிக்காரர்கள் என் சாப்பாட்டை ருசி பார்த்துவிட்டு, உன் பொஞ்சாதிக்கு உன்மேல என்னப்பா கோவம் என்று கேலி செய்வார்கள். நானும் சிரிப்பேன்.

காய்ச்சல் விட்டது. எப்படி விட்டது என்று கேட்டால் பெனிசிலின் என்று சொல்வேன், லூர்து வேறு சொல்வாள். அதன் பின்னால் தண்ணீர் பிரிந்தது. மடை திறந்த மாதிரிப் பிரிந்தது. தராசில் எண் சரசரவென்று இறங்கியது. கன்னியாஸ்திரி படிக்கும்போது லூர்து இப்போது தலை குனியவில்லை, எண்ணைத் திரும்பச் சொல்லிக்கொண்டாள், செபமாலை உருட்டுகிற மாதிரி. நீர் முழுக்க வடிந்த அன்று சிந்தாவைச் சுவரோரம் நிறுத்தினார்கள். அங்கே நின்றது பதினொரு வயசுப் பிள்ளை இல்லை. எட்டு வயசு உடம்பு. அதற்குமேல் ஒரு பெரிய தலை, பெரிய கண்கள். தாவணிக்கு எடுத்த துணி வீட்டில் பெட்டியில் இருந்தது. இத்தனை நாளும் தண்ணீருக்கு அடியில் அவள் இப்படித்தான் இருந்திருக்கிறாள், கோயில் பந்தலில் எல்லாரும் சிரித்தபோதும் இப்படித்தான் இருந்திருக்கிறாள். லூர்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணாடிக் குழாயும் ஸ்பிரிட் விளக்கும் இடுக்கியும் கொடுத்து, தினமும் காலையில் காய்ச்சிப் பார்க்கச் சொன்னார்கள். அப்படித்தான் அந்த வாசனை எங்கள் வீட்டுக்குள் குடிவந்தது. லேசாக வெளுத்தால் மூச்சு விடுவேன். தயிராக வெளுத்தால் சிந்தாவிடம் காட்டாமல் கொட்டிவிட்டு, சிரித்த முகத்தோடு உள்ளே போவேன். அவள் இமையை விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். மழைக்காலத்தில் மறுபடி வீங்கினாள். மறுபடி கட்டில், மறுபடி ஊசி, வடிந்தது. பங்குனியில் மறுபடி. ஒவ்வொரு தடவையும் வீக்கம் கொஞ்சம் அதிகமாக வந்தது, உள்ளேயிருந்து வெளிப்படுகிற பிள்ளை இன்னும் கொஞ்சம் சிறுத்து வந்தாள். இந்த ஆட்டத்தை ரொம்ப நாள் ஆட முடியாது என்று எனக்கே தெரிந்தது.

டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் புது மாத்திரை ஒன்றைக் கொடுத்துப் பார்க்கிறார்கள், சில பிள்ளைகளுக்குச் சல்லடை ஒழுகுவது நின்றிருக்கிறது என்றார். சில பிள்ளைகளுக்கு என்பதை இரண்டு தரம் சொன்னார். அந்த மாத்திரை கிருமியோடு போராடுகிற சக்தியைக் குறைக்கும், சளி காய்ச்சல் வந்தால்கூட ஆபத்து. முகம் முழு நிலா மாதிரி உருண்டுவிடும், கழுத்து புடைக்கும், பார்த்தால் அடையாளம் தெரியாமல் போகலாம். உயரம் நின்றுபோனாலும் போகும்.

"வளரவே மாட்டாளா?" என்றாள் லூர்து.

"மொதல்ல உசுரு நிக்கட்டுமுங்க. உசரத்தைப் பின்னாடி பாக்கலாம்."

சிந்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை வெளியே அனுப்ப நாங்கள் மறந்துவிட்டோம்.

அந்த வார்டில் துணைக்கு ஒரு பெண்பிள்ளை மட்டும்தான் தங்கலாம். எனக்குக் கிட்டங்கி. நான் இங்கே நின்றால்தான் அவர்கள் அங்கே நிற்க முடியும். பொழுது சாய்கிற நேரத்தில் திண்டுக்கல் ஜங்ஷனில் ரயில் ஏற்றினேன். பாத்தும்மா தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, உப்பில்லாமல் சுட்ட ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். லூர்து மூட்டைகளைத் தள்ளி இடம் பண்ணினாள், என்னிடம் அடுப்பை அணைத்துவிட்டுப் படுங்கள் என்றாள், கோழிக்குத் தண்ணீர் வையுங்கள் என்றாள். சிந்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள்மேல் என் விரல்களை வைத்தேன். அன்றைக்குத் தண்ணீர் வடிந்திருந்தது. எலும்பு தெரிந்தது. இந்த முகத்தை மனசில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கு அது தெரிந்துவிட்டது.

"எதுக்குப்பா அப்படிப் பாக்குறீங்க?"

"சும்மாதான், ஆத்தா."

விசில் ஊதினார்கள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. நான் கூடவே நடந்தேன். அவள் கம்பிக்கு நெருக்கமாக முகத்தைக் கொண்டுவந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"நான் திரும்பி வர்றப்ப என் மூஞ்சி மாறியிருக்கும். நீங்க தேடிக்கிட்டு ஓடாதீங்க, ஒரே எடத்துல நில்லுங்க. நானே வந்து அப்பானு கூப்புடுறேன்."